ஒப்பிப்பது படிப்பு ஆகுமா?

(பரவையில் கூடிய தோழர்களிடையே நிகழ்த்திய உரை)



விலைவாசியைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பேச நம்மிடையே ஆற்றல் மிக்க தோழர்கள் பலர் இருக்கின்றனர். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது, பார்வைக்கு மிகச் சிறிய பொருள். ஐந்து வயதுக் குழந்தை எவ்வாறு எழுத்தை அறிகிறது, எவ்வாறு படிக்கத் தொடங்குகிறது, அந்த வேலையில் நமக்குப் பங்கு உண்டா, இல்லையா என்பதே அது. இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று எண்ணாதீர்கள். இதற்கும் கூட்டம் போடாமற் போனதுதான் நம் குறை என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

சில நாட்களுக்கு முன்பு இதே பரவையில் ஒரு தோழர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கி உழைப்பவர் அவர். அவருடைய துணைவியாரும் விடியுமுன் எழுந்து சந்தைக்குச் செல்பவர். அவர்களுக்கு ஒரு மகள்; இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். “புள்ள புத்தகம் பூராவும் படிச்சிரும்ங்கய்யா” என்றார் தந்தை. சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றிய பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! குழந்தை புத்தகத்தை விரித்தாள். கணீரென்ற குரலில், நிறுத்தாமல், ஒரு சொல்லும் பிசகாமல் பாடம் முழுவதையும் சொல்லி முடித்தாள்.

நான் பாடத்தின் நடுவே ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, “இது என்ன, அம்மா?” என்று கேட்டேன். குழந்தை விழித்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? முதல் வரிக்குச் சென்றாள். அங்கிருந்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். என் விரல் இருந்த இடம் வந்ததும் அந்தச் சொல்லைச் சொல்லி நிறுத்தினாள். அவள் அந்தச் சொல்லைப் படிக்கவில்லை, தோழர்களே. ஓடி வந்து தொட்டாள். அதே சொல் அங்கே கிடந்த நாளேட்டிலும் இருந்தது. அதைக் காட்டினேன். அவளுக்குத் தெரியவில்லை.

தந்தையின் பெருமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், அன்றிரவு உறக்கமும் வரவில்லை. ஒப்பிப்பது படிப்பு ஆகுமா? அவள் மட்டுமா இப்படி?

ஊர் ஊராகச் சென்று, வீடு வீடாக ஏறி, குழந்தையின் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கணக்கெடுக்கிறது ‘ஏசர்’ என்னும் ஆய்வு. இந்தியச் சிற்றூர்களில் மூன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தைகளுள், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக் கூடியவர்கள் 2018-இல் நூற்றுக்கு 27 பேர். 2022-இல் அது நூற்றுக்கு ஏறத்தாழ 20 ஆக இறங்கியது. 2024-இல் மீண்டும் 27 ஆக ஏறியது. 2022-இல் தமிழகம் அந்தச் சராசரிக்கும் கீழே நின்றது. இதை நாம் மேடையில் சொல்வதில்லை. எத்தனை கல்லூரிகள், எத்தனை பட்டதாரிகள் என்ற கணக்கைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம், படத்தான் வேண்டும். ஆனால், மாடி எத்தனை என்று எண்ணுகிறவன் அடித்தளத்தையும் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டாமா?

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. சிறு வகுப்புக் குழந்தைகளுக்கு அவை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-இல். எழுத்தை முதன்முதலாகக் காண வேண்டிய வயதில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் கரும்பலகையையே காணாத குழந்தைகள் அவர்கள். 2022-இல் ஏற்பட்ட சரிவுக்கு அது ஒரு காரணம். ஆனால், முழுப் பழியையும் நோயின்மேல் போட்டுவிட முடியாது. நோய் வருமுன்னரே 2018-இல் நூற்றுக்கு 73 குழந்தைகள் படிக்க இயலாமல்தானே இருந்தனர்!

வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்தை வரையச் செய்தார்கள். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789-இல் சென்னை எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுச் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்தார். அந்த முறையைத் தம் விடுதியில் கையாண்டார். 1797-இல் அதைப் பற்றி நூல் எழுதி இங்கிலாந்தில் பரப்பினார். ‘மதராஸ் முறை’ என்றே அது பெயர் பெற்றது. ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் ஒரு பள்ளி ‘மதராஸ் கல்லூரி’ என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் திண்ணை மணல் கடல் கடந்து சென்ற கதை இது.

ஆனால், அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்? சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஒரு கணக்கெடுக்க ஆணையிட்டார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. அவர்களுள் பெண் குழந்தைகள் எத்தனை பேர்? 4,540 பேர்! ஒடுக்கப்பட்டோர் வீட்டுக் குழந்தைக்கோ பெரும்பாலும் திண்ணை தெருவிலிருந்து பார்க்கும் பொருளாகவே இருந்தது. மணல் எல்லாருக்கும் சொந்தம். மணலில் எழுதும் உரிமை மட்டும் சிலருக்கே சொந்தம் என்ற நிலை.

அந்த உரிமைக்காகத்தான் நம் முன்னோர் போராடினார்கள். பசித்த வயிற்றோடு எழுத்து ஏறாது என்று உணர்ந்து, 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவு வழங்கத் தொடங்கியது. 1953-இல் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் குழந்தை அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டி நாடே எதிர்த்தது; 1954-இல் அது கைவிடப்பட்டது. 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார்; 2022 செப்டம்பர் 15-இல் நம் மதுரை மாநகராட்சியின் ஆதிமூலம் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. நூறாண்டுகளாக இந்த நாடு குழந்தையைப் பள்ளியின் வாயிற்படி வரை அழைத்து வந்திருக்கிறது, உள்ளே உட்கார வைத்திருக்கிறது, வயிற்றை நிரப்பியிருக்கிறது. எஞ்சியிருப்பது ஒன்று. உட்கார்ந்த குழந்தை உண்மையாகவே படிக்க வேண்டும்!

அதற்கும் அரசு முயலாமல் இல்லை. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது. வகுப்பைப் பார்த்துப் பாடம் நடத்தாமல், குழந்தையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் முறை அது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் படிக்க வேண்டும் என்பதற்கு 2025-ஆம் ஆண்டை இலக்காக வைத்தது. ஆண்டுகள் வரும், போகும். குழந்தைக்கு ஏழு வயது ஒருமுறைதான் வரும். ஆகவே, ஆசிரியர் ஒருவர்மேலேயே பாரத்தைப் போட்டுவிட்டு நாம் மேடையில் முழங்கிக் கொண்டிருக்கலாமா?

நமக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரியும், தோழர்களே! குழந்தை எழுத்தைக் கற்பது வாயிலிருந்தும் காதிலிருந்தும் தொடங்குகிறது. புத்தகம் பிறகே வருகிறது. கதை கேட்ட காது, கேள்வி கேட்ட வாய், பெயர் சொல்லிப் பழகிய நாக்கு இவற்றின்மேல்தான் எழுத்து வந்து அமரும். ஔவையின் ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்தது ஏன்? எழுத்தின் ஒலி முதலில் காதில் பதியட்டும் என்பதற்காகத்தான் என்று கருதுகிறேன். அந்தச் சந்தைத் தோழரின் மகள் பாடம் முழுவதையும் காதால் வாங்கி வைத்திருந்தாளே, அது குற்றமன்று. அது பாதி வேலை. காதில் இருந்த ஒலியையும் கண்ணில் பட்ட வரிவடிவையும் இணைத்துக் காட்ட ஒருவரும் அருகில் இல்லை என்பதே குறை.

இணைப்பது எப்படி? தமிழில் 247 எழுத்து என்று சொல்லிக் குழந்தையை மிரட்ட வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. அவற்றையும் கால், கொம்பு, சுழி முதலிய குறிகளையும் அறிந்தால் 216 உயிர்மெய்யும் பெரும்பாலும் தாமே கூடி வரும். குறிகளின் ஒழுங்கு கெட்டிருந்த இடத்தை நம் தலைமுறையே கண்டது. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ ஏட்டில் சீர்திருத்த எழுத்துகளை வழங்கினார். ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகளுக்கு இருந்த தனி வடிவங்களை நீக்கி, அந்தச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. அதனால் மிஞ்சிய உழைப்பு யாருடையது? கோடிக்கணக்கான குழந்தைகளுடையது.

ஆனால், ஒழுங்கான எழுத்திலும் குழந்தைக்கு ஒரு சிக்கல் உண்டு. ‘இ’ என்று எழுதி, இலையின் படத்தைக் காட்டுகிறோம். நம் வீட்டுக் குழந்தை அதைப் பார்த்து என்ன சொல்கிறது? ‘எலை’ என்கிறது! வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம்? வெளக்கு, ஒலக்கை, பொடவை என்பதே நம் பேச்சு. விளக்கு, உலக்கை, புடவை என்பது நம் எழுத்து. படத்தைப் பார்த்து ‘எ’ என்று சொல்லும் குழந்தையின் காது கூர்மையான காது. அதைத் ‘தப்பு’ என்று தலையில் குட்டினால், தன் தாயின் பேச்சே தப்பு என்று அந்தப் பிஞ்சு மனம் எண்ணும். பிறகு வாயைத் திறக்காது. வாய் திறக்காத குழந்தை ஒப்பிக்கும்; படிக்காது. “நாம் பேசுவது எலை, புத்தகம் எழுதுவது இலை, இரண்டும் நம்முடையவைதாம்” என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை சிரிக்கும். ஒரு பாலத்தைக் கடந்துவிடும்.

இந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து ஊரெல்லாம் கொண்டுசென்ற நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா 2020 மார்ச் 29-இல் மறைந்தார். மதுரை மண்ணின் பேச்சையே பாட்டாக்கிப் பாடிய குரல் அது. அந்தக் குரலுக்குக் கைதட்டிய நாம், அதே பேச்சைப் பேசும் ஐந்து வயதுக் குழந்தையைத் திருத்துவதாகச் சொல்லி வாயடைக்கச் செய்யலாமா?

தாய்மார்களே! உங்களிடம் ஒரு வார்த்தை. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறீர்களே, அந்தக் கையசைவே எழுத்தின் முதல் பாடம். மாவில் ஒரு பிடியைக் குழந்தையின் கையில் கொடுங்கள், கோணலாகப் போடட்டும். மூன்று வயதில் பென்சிலைத் திணித்து, ஒரு பக்கம் முழுவதும் எழுது என்று அழவைக்கும் பள்ளியே நல்ல பள்ளி என்று நம்பிக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டாதீர்கள். ரோம் நகரின் ஏழைக் குழந்தைகளிடையே 1907-இல் தம் பணியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைக் குழந்தையின் விரலால் தடவச் செய்தார். எழுதச் சொல்லி விரட்டவில்லை. அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர்க்காலத்தில் நம் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். விரலால் தடவி எழுத்தறிவது திண்ணை மணலை அறிந்த நமக்குப் புதிதா என்ன? குழந்தைக்குக் கற்பிக்கச் சிறந்த மொழி தாய்மொழியே என்று 1953-இல் யுனெஸ்கோ நிறுவனம் தன் அறிக்கையில் சொன்னதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

முதற் சொல்லாக எதைக் கற்பிப்பது? குழந்தையின் பெயரை! மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் என்ன எழுதியிருந்தது? பெயர்கள். ஆதன் என்றும், குவிரன் ஆதன் என்றும் கீறிய பெயர்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமை உடைய நம் எழுத்தில், பானையில் தன் பெயரைக் கண்டு மகிழ்ந்தவன் இருந்தான். குழந்தை குடிக்கும் குவளையில், பையில், பாயின் ஓரத்தில் அதன் பெயரை எழுதுங்கள். பிறகு தந்தையின் பெயர், தெருவின் பெயர். ஆரப்பாளையம், விளாங்குடி, பரவை, சமயநல்லூர் என்று பேருந்துப் பலகைகள் நாள்தோறும் நம் கண்முன் ஓடுகின்றன. அவை கட்டணமில்லாத பாடநூல்கள்.

சுவரெழுத்துத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஊரில் மிகப் பெரிய எழுத்துகளை எழுதுகிறவர்கள் நீங்கள். எழுத்துக் கூட்டத் தொடங்கும் குழந்தை முதலில் நிமிர்ந்து பார்ப்பது உங்கள் சுவரை. அதில் ஒற்று விட்டுப் போகலாமா? ளகரமும் ழகரமும் மாறலாமா? உங்கள் தூரிகையில் பிழை இருந்தால், ஒரு தெருக் குழந்தைகள் முழுவதும் பிழையைப் படிக்கும்.

இனி, என் கதை ஒன்று. 1960-களின் தொடக்கத்தில் நான் சிறுவன். மாலையில் படிப்பகத்துக்குப் போவேன். அங்கே ஒரு முதியவர் எனக்காகக் காத்திருப்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாளேட்டை என்னிடம் நீட்டி, “படி தம்பி” என்பார். நான் தட்டுத் தடுமாறிப் படிப்பேன். அவர் சிரிக்கமாட்டார், குறுக்கே பேசமாட்டார். ஒரு செய்தி முடிந்ததும், “அதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்பார். அவருக்குப் பொருள் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் இரண்டாம் முறை படிப்பேன். எனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தந்தவர் ஆசிரியர். படிக்கச் சொல்லித் தந்தவர் படிக்கத் தெரியாத அந்தப் பெரியவர்!

அந்தப் படிப்பகங்கள் இன்று எப்படி இருக்கின்றன? பெயர்ப்பலகை இருக்கிறது, தலைவர் படம் இருக்கிறது, கதவில் பூட்டும் இருக்கிறது. 2023 ஜூலை 15-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. குழந்தைகளுக்கென்றே அதில் தனிப் பகுதி அமைந்தது. மகிழ்ச்சி. ஆனால், சந்தைக்குப் போன தாய் திரும்பும் வரை தெருவில் நிற்கும் பரவைக் குழந்தை நாள்தோறும் அங்கே போக முடியுமா? அந்த நூலகத்தின் ஒரு சிறு மூலை நம் தெருவுக்கு வர வேண்டும்.

நான் கேட்பது பெரிதன்று. மாலையில் ஒரு மணி நேரம் படிப்பகத்தைக் குழந்தைகளுக்காகத் திறந்து வையுங்கள். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலகையடித்துப் படக்கதை நூல்களை வையுங்கள். ஒரு தோழர் உட்கார்ந்து, சொல்லின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே ஒரு கதையை உரக்கப் படிக்கட்டும். நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கட்டும். குழந்தை ஒரு வரி சொன்னால் அதை அப்படியே எழுதி, அதன் கையில் கொடுக்கட்டும். ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபரில் தொடங்கியபோது மாலை வேளையில் தம் வீட்டுத் திண்ணையையே வகுப்பாக்கிய தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், இது இயலும் என்று காட்டியிருக்கிறார்கள்.

ஒரு நிபந்தனை. அந்த ஒரு மணி நேரம் கொடிக்கும் முழக்கத்துக்கும் விடுமுறை! எதிர்க்கட்சித் தோழரின் குழந்தையும் வரட்டும். எந்தக் கட்சியும் அறியாதவர் குழந்தையும் வரட்டும். அவர்களிடம் வாழ்க, ஒழிக சொல்லிக் கொடுத்தால், ஒப்பிப்பதைத்தான் மீண்டும் கற்பித்தவர்களாவோம். எழுதியதைத் தானே படித்து, ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்கத் தெரிந்தவனே நமக்கு வேண்டும். அவன்தான் நாளை பட்டாவைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவான். கூலிச் சீட்டைப் பார்த்து, கணக்குத் தவறு என்பான். நாம் தவறினால் நம்மையும் கேட்பான். கேட்கட்டும்! அதற்கு அஞ்சுகிற இயக்கம் மக்கள் இயக்கம் ஆகாது.

அந்தச் சந்தைத் தோழரின் வீட்டுக்கு மறுபடியும் சென்றேன். தந்தையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. பிறகு, “நான் என்ன செய்யணும்ங்கய்யா?” என்று கேட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். சந்தையில் நாள்தோறும் பார்க்கும் காய்களின் பெயரை ஒன்றொன்றாக எழுதிக் காட்டச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து, கடையொன்றின் விலைப்பலகை முன் அந்தக் குழந்தை நின்றாள். ‘தக்காளி’ என்பதன் முதல் எழுத்தைத் தொட்டாள். சற்றுக் கீழே இறங்கி, ‘கத்தரி’க்குள் இருந்த அதே எழுத்தைத் தொட்டாள். “இதுவும் ‘த’தான்!” என்றாள். இம்முறை அவள் முதல் வரியிலிருந்து ஓடி வரவில்லை.

ஓர் எழுத்துதான், தோழர்களே. இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால், அவள் அதைத் தன் கண்ணால் கண்டாள். படிப்பகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாளைக் காலையில் விசாரியுங்கள்.